சின்னக் கோப்புதானே!

நினிங்குக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம் குரல் இறங்கும். பாண்டுங் நகரத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கோபம் வந்தால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். இவள் ஒருத்திதான் சிரிக்காமல் கோபப்படுவாள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ராவித். தெருமுனையில் சூடாக பாலா-பாலா என்கிற காய்கறி பஜ்ஜி வாங்கினால் கூடவே கடித்துக்கொள்ளப் பச்சையாக நாலு ஊசிமிளகாய் போடுவார்களே, அதுதான் ராவித். ஆளும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் என்று கூடச் சேர்த்துச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கோபத்தை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தன்மையாக ஒரு மெயில் எழுதினாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த பலனைச் சொன்னால் உங்களுக்கும் காது சிவக்கும். எனக்கு இன்றைக்கும் சிவக்கிறது.

அவள் வேலை பார்த்த நிறுவனம் மலைச்சரிவுகளுக்குப் பெட்டி செய்தது. சரிவில் ஆங்காங்கே கம்பிகளை நட்டுவிடுவார்கள். மண் நகர்ந்தால் கம்பி சாயும். எவ்வளவு சாய்கிறது என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும், அளவு மீறினால் சங்கு ஊதும். கீழே குடியிருப்பவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கம்பி, சங்கு, மேலே மாட்டுகிற சூரியத் தகடு என்று படம் பிடித்துப் போடக்கூடிய வேலையெல்லாம் மற்றவர்கள் கையில். பெட்டிக்குள்ளே, கெர்னல் என்கிற மூல மென்பொருளின் அடிவயிற்றில், கோப்புகளை எங்கே வைப்பது, எப்படி எடுப்பது, கரண்ட் போனால் எப்படிக் காப்பாற்றுவது என்ற வேலை நினிங்குக்கும் யாயத்துக்கும். யாயத் அவளைவிட மூத்தவன். 'காங்' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். அவன் அவளைத் தங்கை முறையில் 'நெங்' என்பான். நல்ல மனுஷன், கைவேகக்காரன், எதிலும் ஒரு மைக்ரோ நொடி மிச்சம் பிடித்தால் அன்றைக்கு முழுவதும் விசிலடித்துக்கொண்டிருப்பான்.

அவர்கள் வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அட்டை. கோப்பு எவ்வளவு பெரியது, கிடங்கில் எந்த அறையில் கிடக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கும். அட்டையைப் பார்த்து அறைக்குப் போய் எடுத்து வரவேண்டும். நாலு எழுத்து உள்ள குட்டிக் கோப்புக்கு ஒரு முழு அறையை ஒதுக்குவது அக்கிரமம். அதனால் அதை அட்டையின் ஓரத்தில் மிச்சமிருக்கும் காலி இடத்திலேயே எழுதி வைத்துவிடுவார்கள், சில்லறையைப் பீரோவில் வைத்துப் பூட்டாமல் முந்தானையில் முடிந்துகொள்கிற மாதிரி. அறைக்குப் போகிற நடையும் மிச்சம். ஆனால் கோப்பு வளரும். அட்டையில் இடம் போதாமல் போகிற நாள் வரும். அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போய் ஓர் அறையில் வைத்துவிட்டு, அட்டையில் அந்த அறையின் எண்ணை எழுத வேண்டும்.

இந்தக் குடிமாற்றம் ஒரு கோப்பின் ஆயுளில் அநேகமாக ஒரே தடவைதான் நடக்கும். அந்த ஒரு தடவை வரிசை பிசகக்கூடாது. முதலில் அறையில் வை. வைத்தது நிலைத்துவிட்டது என்று நிச்சயம் செய்துகொள். அதற்கப்புறம் அட்டையில் இருப்பதை அழி. அழித்துவிட்டு வைக்கப் போனால், போகிற வழியில் கரண்ட் போனால், அட்டையிலும் இருக்காது, அறையிலும் இருக்காது. கோப்பு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இந்தப் பகுதியை எழுத நினிங்குக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. யாரும் அதைப் பாராட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவளுடைய ஊர் காருத் மலைப்பக்கம், பாசிர்ஹோஞ்சே. தேயிலைக் கூலிக்காரர் வீட்டில் கடைசிப் பெண். மினிபஸ்ஸில் இடம் போதாவிட்டால் இறக்கிவிடப்படுவது அவள்தான். செருப்பு வாங்கப் போனால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போவது அவளுடையதுதான். "சின்னதுதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. அதனால்தான் சின்னது என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா இமாஸ் இன்னும் அந்த ஊரில்தான் இருந்தாள். சரிவுக்கு நேர் கீழே வீடு, வாசலில் அடுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பாலா-பாலா சுட்டுக் கொடுப்பது பிழைப்பு. எந்தெந்த ஊருக்குப் பெட்டி என்று மாவட்டம் முடிவு செய்தபோது, பாசிர்ஹோஞ்சே ரொம்பச் சின்ன ஊர் என்று விட்டுவிட்டார்கள். நினிங் போய்ச் சண்டை போட்டு வாங்கிவந்தாள். அக்காவிடம் தானே நேரில் போய்ச் சொன்னாள்: "தெத்தே, பச்சை விளக்கு எரிஞ்சா நிம்மதியா தூங்கு. சங்கு ஊதினா திரும்பிப் பாக்காம ஓடு. வேற ஒண்ணும் உனக்குத் தெரிய வேண்டாம்."

அந்த வருஷம் தலைவர் பாக் ருக்மனா அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். 'பாக்' என்றால் அங்கே ஐயா. பாக் ருக்மனா யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். எதையும் பூசி மெழுகி, இரண்டு பக்கமும் தலையாட்டி, காரியத்தை நகர்த்திக்கொண்டு போய்விடுவார். இஞ்சிப் பானத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ஆரம்பித்தார்.

"உங்க வேலைய யாரும் குறை சொல்லல நினிங். வார்த்தைதான் சுடுது. யாயத்துக்குப் போன வாரம் என்ன எழுதினீங்க? 'இத எழுதும்போது முழிச்சிட்டுத்தான் இருந்தீங்களா காங்'னு. அப்படி எழுதலாமா? நம்ம ஊர் வழக்கம் என்ன? முதல்ல ரெண்டு வரி நல்லதாச் சொல்லணும். மனசு குளிரணும். அப்புறமா சொல்ல வேண்டியத மெதுவாச் சொல்லணும்."

"அப்புறம் சொன்னா படிப்பாங்களா பாக்?"

"ஏன் படிக்காம? படிக்கத்தானே உக்காந்திருக்கோம்?"

அவர் சொன்னது ஊர் வழக்கம்தான். அந்த ஊரில் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லமாட்டார்கள். விருந்துக்கு வரமுடியாது என்பதைச் சொல்வதற்குக்கூட, அந்த விருந்து எவ்வளவு சிறப்பாக இருக்கப்போகிறது என்று ஐந்து நிமிஷம் பேசுவார்கள். நினிங்குக்குத்தான் அது கைவராது. ஆனாலும் முயன்று பார்ப்போம் என்று நினைத்தாள். அங்கேதான் பிடித்தது சனி.

பெட்டிகள் மலைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு யாயத் ஒரு பேட்ச், அதாவது மென்பொருள் திருத்தம், அனுப்பினான். குடிமாற்றத்தின்போது பெட்டி ரொம்ப நேரம் காத்திருக்கிறதாம், மின்கலம் வீணாகிறதாம். அதனால் அட்டையை உடனே அழித்துவிட்டு, அறையில் வைக்கிற வேலையை மற்ற வேலைகளோடு சேர்த்து அப்புறம் மொத்தமாகச் செய்துகொள்ளலாம் என்று மாற்றியிருந்தான். படித்ததும் நினிங்குக்குக் காது கொதித்தது. ஒரு மழைக்காலத்து உழைப்பைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறான். "உங்களுக்குப் பைத்தியமா காங்" என்று எழுதினாள். அழித்தாள். பாக் ருக்மனாவின் இஞ்சிப் பானம் ஞாபகம் வந்தது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு இப்படித் தொடங்கினாள்:

'காங் யாயத், முழுவதும் படித்தேன். நன்றாக வந்திருக்கிறது. வேகம் கூடியிருக்கிறது, உங்கள் உழைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.'

அதன்பின் ஒரு வரி இடைவெளி. அதன்பின் 'ஆனால்' என்று தொடங்கி ஒரு பக்கம். கரண்ட் போனால் என்ன ஆகும், எந்த வரியில் ஆகும், எந்தக் கோப்பு போகும், இதை ஏன் சேர்க்கவே கூடாது என்று எல்லாவற்றையும் பொறுமையாக, மரியாதையாக, ஒரு சுடுசொல்கூட இல்லாமல் எழுதியிருந்தாள். அனுப்பிவிட்டுத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் என்று வேறு சொன்னார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்புறம் அவளை வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். பெட்டிகள் மலை ஏறின. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் வேறெதையோ தேடிக்கொண்டு பழைய மாற்றங்களைப் புரட்டியபோது அவள் கண்ணில் அது பட்டது. அவர்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் எழுதியவர் பெயரும், அதைப் படித்துச் சரிபார்த்தவர் பெயரும் இருக்கும். இரண்டாவது பெயர் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது. உள்ளே போனபின் அந்தப் பெயரை யாராலும் அழிக்கவும் முடியாது. யாயத்தின் அந்த மாற்றத்துக்கு அடியில் எழுதியிருந்தது: 'படித்துச் சரிபார்த்தவர்: நினிங்.'

நாற்காலி பின்னால் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் எழுந்து பாக் ருக்மனா அறைக்குள் போனாள்.

"என் பேரு இதுல எப்படி வந்துச்சு?"

பாக் ருக்மனா திரையைப் பார்த்தார், சிரித்தார். "நீங்கதானே எழுதினீங்க, முழுசும் படிச்சேன், நல்லா வந்திருக்குன்னு? நான்தான் சேத்தேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னு."

"அதுக்குக் கீழ?"

"கீழயும் இருந்துச்சா?"

அவர் ஃபோனை எடுத்துத் தேடினார். ஃபோனில் ஒவ்வொரு மெயிலுக்கும் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் பார்க்க வேண்டுமானால் தொட்டுத் திறக்க வேண்டும். அவர் இப்போதுதான் முதல்முறையாகத் தொட்டுத் திறந்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை.

"அப்போ கார்ல போயிட்டிருந்தேன்…"

"கார்ல போயிட்டே என் பேர நீங்களே போட்டுட்டீங்க!"

சத்தம் கேட்டு யாயத் ஓடிவந்தான். நினிங் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்களுமா காங்? நீங்களும் படிக்கலையா?"

யாயத் தரையைப் பார்த்தான். "பாக் சேத்துட்டார்னதும் முடிஞ்சுதுன்னு நெனச்சேன் நெங். உண்மையச் சொல்லட்டுமா? நீ என்னைப் பாராட்டி எழுதினதே கெடையாது. அந்த ரெண்டு வரியப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். வீட்டுல பொண்டாட்டிகிட்டக்கூடக் காட்டினேன்."

அவனை என்ன திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடிக்கத்தான் தோன்றியது. இத்தனை வருஷம் அவள் கத்தியபோதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் படித்தவர்கள், அவள் வாயைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு இரண்டு வரியோடு நிறுத்திவிட்டார்கள். மரியாதை கற்றுக்கொடுத்தவரே அதைப் படிக்கவில்லை.

"இவ்வளவு பதறணுமா?" என்றார் பாக் ருக்மனா. "டெஸ்ட் எல்லாம் சுத்தமா வந்துச்சே. கரண்ட கட் பண்ணிக் கட் பண்ணிப் பாத்தோமே. அப்படியே போனாலும் எது போகும்? ஒரு சின்னக் கோப்புதானே!"

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம்.

நினிங்கின் குரல் இறங்கியது. "டெஸ்ட்ல எழுதினது எல்லாம் பெரிய கோப்பு பாக். அதுங்க அட்டையில குடியிருந்ததே இல்ல, அப்புறம் எங்க மாறிப் போறது? சின்னக் கோப்புல என்ன இருக்குன்னு தெரியுமா? எந்தக் கம்பி எவ்வளவு சாஞ்சா சங்கு ஊதணும்கிற அளவு இருக்கு. ஒவ்வொரு தடவ மண்ணு ஊறும்போதும் அதுல ஒரு வரி சேரும். வெயில் காலத்துல அட்டைக்குள்ளயே கெடக்கும். நல்ல மழையிலதான் வளந்து வெளிய போகும். மழையிலதான் வெயில் இல்லாம பெட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியும். ரெண்டும் ஒரே நேரம்!"

"போனா சங்கு ஊதிடுமே? தப்பா ஊதினா ஊதட்டும்."

"ஊதாது. அளவு கோப்பு காலியா இருந்தா, இது புதுப் பெட்டி, இன்னும் அளவு குறிக்கலன்னு நெனச்சுக்கும். வாய மூடிட்டு பச்சை விளக்கு எரிய விடும். அப்படித்தானே நாம செஞ்சு வெச்சிருக்கோம்?"

அவள் ஓடிப்போய் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து அவருடைய மேசை மேல், காகிதங்களின் மேலேயே வைத்தாள். அளவு கோப்பில் வரி வரியாகச் சேர்த்தாள். அட்டை நிரம்பி வழிகிற இடத்தில் வயரைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். எல்லாம் அப்படியே இருந்தது. பாக் ருக்மனாவுக்குச் சிரிப்பு திரும்ப வந்தது. மறுபடி முதலிலிருந்து செய்து பிடுங்கினாள். இருந்தது. மறுபடி. இந்தத் தடவை பெட்டி விழித்துக்கொண்டபோது கோப்பு காலி. பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. யாயத் வாயில் கையை வைத்துக்கொண்டான்.

"மாவட்டத்துக்கு ஃபோன் பண்ணுங்க," என்றாள் நினிங். "பெட்டிய நம்பாதீங்க, சரிவுக்குக் கீழ இருக்கறவங்கள நகத்துங்கன்னு சொல்லுங்க. இப்பவே."

"கொஞ்சம் பொறுங்க. மழை விடட்டும், எல்லாப் பெட்டிக்கும் திருத்திப் புதுசா அனுப்பிடலாம். இப்பப் போய் சொன்னா நம்ம பேரு என்ன ஆகும்? ஜனங்களும் பயந்துடுவாங்க."

"பயப்படத்தான் பாக் அந்தச் சங்கே வெச்சோம்!"

அவர் ஃபோனைத் தொடவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"தெத்தே, சங்கு ஏதாவது ஊதுச்சா இந்த மழையில?"

"இல்லடி. மொதல் மழைக்கு நாலு தடவ கத்துச்சு. இந்தத் தடவ சமத்தா இருக்கு. பச்சை எரியுது."

"வீட்ட விட்டுக் கெளம்பு. பள்ளிக்கூடத்துக்குப் போயிடு."

"என்னடி உளர்றே? மாவு கரைச்சு வெச்சிருக்கேன். இந்தச் சமையக்கட்டுக் கதவு வேற மழையில ஊறிப் போய் மூடமாட்டேங்குது, அதத் தட்டிட்டிருக்கேன்."

"கதவு ஊறல தெத்தே. நெலம் நகந்திருக்கு. சுவர் கோணியிருக்கு. கெளம்பு!"

"பச்சை எரியுதுடி!" இமாஸின் குரலும் ஏறியது. கோபம் அந்தக் குடும்பத்துச் சொத்து. "நம்புன்னு சொன்னவளும் நீ, நம்பாதேன்னு சொல்றவளும் நீ. உன் பெட்டிய நீயே நம்பலன்னா எதுக்குடி கொண்டுவந்து வெச்சே?" ஃபோன் துண்டித்துவிட்டது. இமாஸ் வைத்தாளா, மழை அறுத்ததா என்று தெரியவில்லை.

வாசலில் யாயத் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். "ஏறு நெங்" என்றான். அவள் ஏறினாள். நாக்ரெக் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே, மழைக்கோட்டுக்குள் தண்ணீர் இறங்க இறங்க, இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவள் அவனைக் கடித்துக் குதறியிருப்பாள், அவனும் வாங்கிக்கொண்டிருப்பான்.

பாசிர்ஹோஞ்சேயில் சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. சரிவில் நட்ட கம்பிகளைக் கீழே நின்றே பார்க்க முடிந்தது. நேராக நட்டவை ஒரே பக்கமாகக் குனிந்திருந்தன. ஊற்றில் வரும் தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்தில் ஓடியது. பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு. நினிங் மடிக்கணினியை மழையிலேயே விரித்துப் பெட்டியோடு இணைத்தாள். அளவு கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற யாயத் அதைப் பார்த்துவிட்டு, "என் வேலைதான்" என்று மட்டும் சொன்னான்.

ஊர்க்காவல் கொட்டகையில் தொங்கிய மூங்கில் முரசை அவன் எடுத்து அடிக்க ஆரம்பித்தான். ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். இமாஸ் மாவுக் கையோடு வந்தாள்.

"சங்கு ஊதலையே?"

"பச்சை எரியுதே, அப்புறம் என்ன?"

"பாண்டுங்லேர்ந்து வந்து நம்மளயா பயமுறுத்துறாங்க?"

அத்தனை பேரும் அவளைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்த்தார்கள். அட்டை, அறை, கரண்ட் என்று இவர்களுக்கு விளக்கிச் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது? தன்மையாகச் சொல்லிப் பார்த்த கதையின் முடிவு கண்ணெதிரே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நினிங் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். தானே சண்டை போட்டு வாங்கிவந்த பெட்டியின் நெற்றியில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி தெறித்தது, விளக்கு அணைந்தது. இன்னும் ஒரு அடி அடித்தாள், அது தேவைக்கு அல்ல, ஆத்திரத்துக்கு.

"இப்ப எரியுதா?" என்று கத்தினாள். "பச்சை எங்க? காட்டுங்க! பிள்ளைகளத் தூக்குங்க! போங்க!"

ஒரு பெண் உள்ளே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் யாரும் நிற்கவில்லை. இமாஸ்தான் கடைசியாகக் கிளம்பினாள், எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தங்கையை முறைத்துக்கொண்டே.

மறுநாள் முற்பகலில் சரிவு வந்தது. இமாஸின் வீட்டில் பாதியையும், வாசல் அடுப்பையும், பெட்டியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. பள்ளிக்கூட வராந்தாவில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சாகவில்லை. இமாஸ் அழவில்லை. நினிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தபடியே திட்டினாள். "இந்த மழை பூரா அதப் பாத்துட்டுத்தாண்டி தூங்கினேன். அது எனக்குப் பொய் சொல்லிட்டே இருந்திருக்கு."

இதோடு முடிந்திருந்தால்கூட நான் இவ்வளவு கொதிக்கமாட்டேன். செய்தியில் என்ன வந்தது தெரியுமா? நவீனக் கருவி உரிய நேரத்தில் எச்சரித்ததால் ஊர் தப்பியது என்று வந்தது. பாக் ருக்மனா மாவட்ட அதிகாரிகளோடு சிரித்துக்கொண்டு நிற்கிற படம் வேறு. எச்சரித்தது ஒரு கல்லும் ஒரு மூங்கிலும். மற்ற ஊர்களில் இன்னமும் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, அவற்றில் எது காலி, எது நிஜம் என்று யாருக்கும் தெரியாது.

நினிங் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து பழைய வரிசையைத் திரும்ப எழுதினாள். அறையில் வை, நிச்சயம் செய், அப்புறம் அழி. காலிக் கோப்பைக் கண்டால் பச்சை காட்டாதே, சிவப்பு காட்டு. சின்னக் கோப்புகளை வளர்த்து, குடிமாற்றி, நடுவே கரண்டைப் பிடுங்கிப் பார்க்கும் டெஸ்டை யாயத் எழுதினான். அவளுடைய பழைய மெயிலின் 'ஆனால்' முதல் கடைசி வரை பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதினான். விசில் சத்தம் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலைப்பில் விளக்கம் எழுத வேண்டும். பெட்டிக்குப் போகிற மாற்றம் என்றால் அந்த விளக்கம் மாவட்டங்களுக்கும் மெயிலில் போகும். பாக் ருக்மனா அவளருகில் வந்து நின்று, "சின்ன மேம்பாடு, அப்படின்னு ஆரம்பிச்சா போதும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். அவள் தலை நிமிரவில்லை. எழுதி அனுப்பினாள். இரண்டே வரி:

'கரண்ட் போனால் அளவு கோப்பு காலியாகும், சங்கு ஊதாது. எந்த ஊரிலும் பச்சை விளக்கை நம்பாதீர்கள்.
நான் கூடாது என்று எழுதியதை ருக்மனா படிக்காமல் என் பெயரைப் போட்டுச் சேர்த்தார். இது அதைத் திருத்துகிறது.'

யாயத் படித்தான். மறுபடி படித்தான். 'படித்துச் சரிபார்த்தவர்: யாயத்' என்று தன் பெயரைத் தானே தட்டினான். இனி அதை யாராலும் அழிக்க முடியாது.

சற்று நேரத்தில் பாக் ருக்மனா ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பே இல்லை.

"எல்லா மாவட்டத்துக்கும் போகுதே நினிங் இது. முதல் ரெண்டு வரிய கொஞ்சம் தன்மையா வெச்சுட்டு, இந்த விஷயத்தையெல்லாம் கீழ போட்டிருக்கலாமே?"

"கீழ ஒண்ணும் இல்ல பாக்," என்றாள் நினிங். "நீங்க படிக்கிற அளவுக்குள்ளயே எல்லாத்தையும் வெச்சுட்டேன்."